டேல் கார்னகி: புத்தகத்துக்கு முன்னால் வந்த வகுப்பு

மேலூர்_வாசகன்:

நண்பர்களுக்கு வணக்கம். 11 வருடமாக மெடிக்கல் ரெப் வேலை. போன மாதம் ஏரியா மேனேஜர் ஆக்கினார்கள். சந்தோஷம்தான், ஆனால் அடுத்த சைக்கிள் மீட்டிங்கில் (கம்பெனியின் சேல்ஸ் ஆட்கள் கூடும் கூட்டம்) 40 பேர் முன்னால் நின்று நான் பேசியாக வேண்டும். ஒரு டாக்டர் எதிரில் உட்கார்ந்தால் அரை மணி நேரம் கூடப் பேசுவேன். மைக் கையில் வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தங்கச்சி கல்யாணத்தில் நன்றி சொல்ல எழுந்தவன், மாமா பெயரை மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

ரீஜனல் மேனேஜர் ஒரு புத்தகம் கொடுத்தார். டேல் கார்னகி 1936-ல் எழுதிய, எல்லோரும் 'ஹவ் டு வின் ஃபிரெண்ட்ஸ்' என்று சொல்லும் அதே புத்தகம். பாதி படித்திருக்கிறேன். சிரித்துப் பேசு, பெயரைச் சொல்லிக் கூப்பிடு, குறை சொல்லாதே என்று வரிசையாகப் போகிறது. இதெல்லாம் ஒரு ரெப்புக்குத் தெரியாததா? என் சந்தேகம் வேறு. இவ்வளவு சொல்லும் இந்த மனிதர் யார்? பெரிய இரும்பு முதலாளி ஆண்ட்ரூ கார்னகிக்கு மகனா, தம்பி மகனா? பணக்கார வீட்டில் பிறந்து "சிரித்துக்கொண்டே இரு" என்று சொல்கிறார் என்றால் மீதிப் பாதியைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காகிதக்கப்பல்:

தம்பி, உறவே கிடையாது. ஆண்ட்ரூ கார்னகி ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். டேல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து விவசாயி மகன், 1888 நவம்பர் 24-ல் மேரிவில் ஊர்ப் பக்கம் பிறந்தவர். வீட்டுப் பெயரே 'கார்னகே' என்பது போல வேறு எழுத்தில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகுதான் இரும்பு முதலாளியின் பெயர் போலவே எழுத ஆரம்பித்தார். அது நேர்மையா என்று கேட்டால் எனக்கும் கொஞ்சம் நெருடல் உண்டு. ஆனால் பணக்கார வீடு என்ற சந்தேகத்தை இந்த நிமிடமே விட்டுவிடுங்கள்.

நான் 31 வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என் வேலை. இந்த மனிதரின் கதையில் என்னை நிறுத்திவைத்த இடம் மேடை இல்லை, ஒரு பாலம்.

அவர்கள் நிலத்தை ஒட்டி ஒன்-நாட்-டூ என்று ஓர் ஆறு. ஏழு வருடத்தில் ஆறு வருடம் வெள்ளம் வந்து சோளத்தையும் வைக்கோலையும் அடித்துக்கொண்டு போயிற்று. வளர்த்த பன்றிகள் வருடா வருடம் காலராவில் செத்தன, அவற்றைக் குவித்து எரித்தார்கள். அந்த நாற்றம் தனக்கு மறக்கவில்லை என்று பின்னால் எழுதுகிறார். வருடக் கணக்கில் உழைத்து மிச்சம் கடன்தான். நிலம் அடமானத்தில் இருந்தது. மேரிவில் வங்கிக்காரர் அப்பாவைத் திட்டி, நிலத்தை எடுத்துக்கொள்வேன் என்று மிரட்டி அனுப்பினார். திரும்பும் வழியில் அந்த ஆற்றுப் பாலத்தில் அப்பா குதிரைவண்டியை நிறுத்தினார். இறங்கி, கீழே ஓடும் தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். குதித்துவிடலாமா என்று.

குதிக்கவில்லை. அம்மா தீவிர பக்தை. கடவுள் கைவிட மாட்டார் என்று அவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததுதான் தன்னை நிறுத்தியது என்று பல வருடம் கழித்து அப்பாவே மகனிடம் சொல்லியிருக்கிறார். கவலையை விடுவது பற்றி 1948-ல் அவர் எழுதிய புத்தகத்தில் இது வருகிறது. அடமானத்தில் கிடக்கும் நிலமும் வங்கி வாசலும் எப்படி இருக்கும் என்று நம்மில் பாதிப் பேருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வீட்டிலிருந்து வந்த பையன்தான் சிரிக்கச் சொல்கிறான். மீதிப் பாதியைப் படியுங்கள் தம்பி.

கயல்:

அக்கா, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஒரு சந்தேகம். எங்கள் ஃபேமிலி குரூப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றியது: "கவலைப்படாதே என்று ஊருக்குச் சொன்ன டேல் கார்னகி கடைசியில் தற்கொலை செய்துகொண்டார்" என்று. உண்மையா?

காகிதக்கப்பல்:

பொய், கயல். 1955 நவம்பர் 1-ல், நியூயார்க் ஃபாரஸ்ட் ஹில்ஸில் இருந்த தன் வீட்டில் காலமானார். வயது 66. நிணநீர்க் கணுக்களைத் தாக்கும் ஹாட்ஜ்கின் நோய். அடக்கம் செய்தது மிசௌரியில் பெல்டன் என்ற ஊரில், அப்பா அம்மாவின் பக்கத்தில். ஒருவர் சாவைப் பற்றி இப்படிப் புரளி கிளப்புவது பாவம். அந்த குரூப்பிலேயே போய் மறுத்து எழுது.

நெல்லைச்சீமை:

வங்கி ஒன்றின் பயிற்சி மையத்தில் 14 வருடம் வகுப்பு எடுத்தவன் நான். இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு சும்மா போக முடியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலூர்_வாசகன், உங்களுக்கு முக்கியமான விஷயம் ஒன்று: அவரும் உங்களைப் போல பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த விற்பனைக்காரர்.

வாரன்ஸ்பர்க் என்ற ஊரில் ஆசிரியர் கல்லூரி. ஊரில் தங்கிப் படிக்கக் காசில்லை. தினமும் பண்ணையிலிருந்து குதிரையில் போய்வந்தார். கோட்டு இறுக்கம், கால்சட்டை குட்டை. அந்தக் கல்லூரியில் பெயர் எடுக்க வேண்டுமென்றால் விளையாட்டில் ஜெயிக்க வேண்டும், அல்லது பேச்சுப் போட்டியில். உடம்பு ஒத்துழைக்காததால் பேச்சை எடுத்தார். குதிரையில் போகும்போது பேசிப் பார்ப்பார், பால் கறக்கும்போது பேசிப் பார்ப்பார். தொழுவத்தில் வைக்கோல் கட்டின் மேல் ஏறி நின்று புறாக்களைப் பார்த்து முழங்குவார். அப்படியும் தோல்வி மேல் தோல்வி. செத்துப்போகலாமா என்று யோசிக்கும் அளவுக்கு மனம் உடைந்தார். பிறகு திடீரென்று ஜெயிக்க ஆரம்பித்து, அதன்பின் தோற்கவே இல்லை. ஆனால் லத்தீனில் தேறாததால் பட்டம் கிடைக்கவில்லை.

அடுத்தது நெப்ராஸ்காவில், பண்ணைக்காரர்களிடம் தபால்வழிப் படிப்பு விற்கும் வேலை. அலையன்ஸ் என்ற ஊரில் ஒருநாள் நண்பகலில் ஹோட்டல் அறைக்குத் திரும்பிக் கட்டிலில் விழுந்து அழுதாராம். எந்த ரெப்புக்கும் அந்த நண்பகல் தெரியும். ஒமாஹா போக டிக்கெட்டுக்குக் காசில்லை. சரக்கு ரயிலில் போன காட்டுக் குதிரைகளுக்குத் தீனி வைக்கிறேன், தண்ணீர் காட்டுகிறேன் என்று சொல்லி அந்த ரயிலிலேயே போனார். அங்கே ஆர்மர் கம்பெனியில் பன்றி இறைச்சி, சோப்பு, கொழுப்பு விற்கும் வேலை. மேற்கு டகோட்டாவின் வறண்ட பகுதியில், சரக்கு ரயிலிலும் வண்டியிலும் குதிரையிலும் போக வேண்டிய லைன். கடைக்காரர் ரொக்கம் இல்லை என்றால் அலமாரியிலிருந்து ஒரு டஜன் ஜோடி ஷூவை எடுத்துக்கொண்டு, ரயில்வே ஆட்களிடம் விற்று, அந்தப் பணத்தைக் கம்பெனிக்கு அனுப்புவார். தெற்கு ஒமாஹாவிலிருந்து போகும் 29 லைன்களில் அவருடையது 25-ஆவது இடத்தில் கிடந்தது. இரண்டு வருடத்தில் முதல் இடம். புரமோஷன் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்று ராஜினாமா செய்துவிட்டு 1911-ல் நியூயார்க்கில் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். ஒரு நாடகக் குழுவோடு டாக்டர் வேடத்தில் ஊர் ஊராகப் போனார். நடிப்பு தனக்கு வராது என்று தெளிந்தது.

மறுபடி விற்பனை. இந்தத் தடவை பேக்கார்டு டிரக். டிரக் எப்படி ஓடுகிறது என்றுகூடத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. மேற்கு 56-ஆம் தெருவில் ஒரு மலிவு அறை. காலையில் சுவரில் தொங்கும் டையை எடுத்தால் பின்னாலிருந்து கரப்பான்கள் சிதறும். தினமும் தலைவலி.

அப்போதுதான் முடிவெடுத்தார். இரவில் வகுப்பு எடுத்துப் பிழைக்கலாம், பகலில் எழுதலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் கேட்டார். இரண்டு இடமும் வேண்டாம் என்றன. 1912-ல் 125-ஆம் தெரு ஒய்.எம்.சி.ஏ.வில் போய் மேடைப்பேச்சு வகுப்புக்கு இரவுக்கு 2 டாலர் கேட்டார். அவ்வளவு தர முடியாது, வரும் கட்டணத்தில் பங்கு தருகிறோம் என்றார்கள். மூன்று வருடத்தில் அதே பங்கு இரவுக்கு 30 டாலர் ஆனது.

எப்படி ஆனது என்பதைத்தான் நான் என் வகுப்பில் எப்போதும் சொல்வேன். வந்து உட்கார்ந்தவர்கள் குமாஸ்தாக்கள், விற்பனைக்காரர்கள், இன்ஜினீயர்கள். பகல் முழுக்க உழைத்துவிட்டு இரவில் வந்தவர்கள். தவணையில் காசு கட்டுபவர்கள், பிடிக்கவில்லை என்றால் அடுத்த தவணை வராது. ஆரம்ப நாள் ஒன்றில், கல்லூரியில் கற்ற பேச்சுக்கலையைச் சொல்லிக்கொண்டே போனவருக்குப் பாதியில் சரக்கு தீர்ந்துவிட்டது. நேரம் இன்னும் இருக்கிறது. பின்வரிசையில் இருந்த ஒருவரை எழுப்பி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். பிறகு அடுத்தவரை. உங்களுக்குக் கோபம் வந்த ஒரு விஷயத்தைப் பேசுங்கள் என்று கேட்டால், நடுங்கிக்கொண்டு நின்றவர்கள் நடுக்கத்தை மறந்து பேசினார்கள். அவருடைய முறை முழுக்க அங்கே பிறந்ததுதான். கையை எப்படி வைப்பது, குரலை எப்படி ஏற்றி இறக்குவது என்பதெல்லாம் பின்னால் போயிற்று. நீ வாழ்ந்து அறிந்ததைப் பேசு. பேசப் பேசத்தான் பயம் விடும்.

அதனால் சொல்கிறேன்: கார்னகியைப் புத்தகத்தில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைப்பார். அவர் வகுப்பறை ஆள்.

மேலூர்_வாசகன்:

அண்ணே, அந்த அலையன்ஸ் ஹோட்டல் அறை... நன்றி. மூன்றாவது வருடத்தில் விருதுநகர் லாட்ஜ் ஒன்றில் எனக்கும் அப்படி ஒரு மதியம் வந்தது. பேக் ஓரமாகக் கிடந்தது, ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போன் போட்டு "சாப்பிட்டேன்மா" என்று பொய் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தண்டவாளம்:

தோழர்களே, இந்த மனிதர் கஷ்டப்பட்டு வந்தவர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை நானும் வரி வரியாகப் படித்தவன். ரயில்வே தொழிற்சங்கத்தில் 27 வருடம் இருந்தவன். ஓர் அத்தியாயம் என்னை இன்றும் உறுத்துகிறது. அதைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது.

அன்பாகப் பேசினால் எதிரியும் வழிக்கு வருவான் என்று சொல்லும் இடத்தில் கொலராடோ சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை உதாரணம் காட்டுகிறார். அந்தச் சுரங்கக் கம்பெனியின் முதலாளி இளைய ராக்ஃபெல்லர் தொழிலாளர்களிடம் போய் நண்பனைப் போலப் பேசினார், அவர்களும் எந்தக் கூலி உயர்வுக்காக அவ்வளவு மூர்க்கமாகப் போராடினார்களோ அதைப் பற்றி மறுபேச்சுப் பேசாமல் வேலைக்குத் திரும்பினார்கள் என்று எழுதுகிறார். ரத்தம் சிந்தியது என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை வருகிறது. யாருடைய ரத்தம்?

1914 ஏப்ரல் 20. கொலராடோவில் லட்லோ என்ற இடம். கம்பெனி வீடுகளிலிருந்து துரத்தப்பட்ட தொழிலாளர்கள் குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். மாநிலக் காவல்படையும் கம்பெனியின் ஆட்களும் அந்தக் கூடாரங்களைச் சுட்டார்கள், தீ வைத்தார்கள். குண்டுக்குப் பயந்து ஒரு கூடாரத்துக்கு அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் புகையில் மூச்சடைத்துச் செத்தார்கள். 11 குழந்தைகள், தோழர்களே.

அந்த வேலைநிறுத்தம் முடிந்தது 1914 டிசம்பரில். சங்கத்தின் கையில் பணம் தீர்ந்து, கோரிக்கை நிறைவேறாமல் வாபஸ் ஆனது. ராக்ஃபெல்லர் கொலராடோவுக்குப் போய்ப் பேசியது 1915 இலையுதிர் காலத்தில். முடிந்து கிட்டத்தட்ட 10 மாதம் ஆன போராட்டத்தை ஒரு பேச்சு எப்படி முடித்திருக்கும்? தொழிலாளர்களைத் திரும்ப வைத்தது பசி. கார்னகி அதை இனிப்பான பேச்சின் கணக்கில் எழுதிவிட்டார்.

இன்னொன்று. ஆட்களைப் பாராட்டத் தெரிந்ததால்தான் வருடத்துக்கு பத்து லட்சம் டாலர் சம்பளம் வாங்கினார் என்று இரும்புக் கம்பெனி நிர்வாகி சார்லஸ் ஷ்வாபைக் கொண்டாடுகிறார். அவருக்கு அந்த வாழ்வைக் கொடுத்த ஆண்ட்ரூ கார்னகியின் ஹோம்ஸ்டெட் ஆலையில் 1892-ல் என்ன நடந்தது? தனியார் துப்பாக்கி ஆட்களுக்கும் தொழிலாளர்களுக்கும் சண்டை மூண்டு இரு பக்கமும் உயிர் போனது. அதற்குப் பிறகு அங்கே சங்கமே உடைந்தது. இந்தப் புத்தகத்தில் முதலாளி எப்போதும் புன்னகைக்கிறார், தொழிலாளி எப்போதும் மனம் மாறுகிறார். மனிதர்களுக்கு நடுவில் அதிகாரம் என்று ஒன்று இருப்பதே கண்ணில் படவில்லை. மேனேஜர் ஆகப்போகிற தம்பி இதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும்.

காகிதக்கப்பல்:

தண்டவாளம் ஐயா, லட்லோ விஷயம் எனக்குத் தெரியாது. இரவு முழுக்க அது மனதிலேயே இருந்தது. நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அடமானக் கடனில் அப்பா பாலத்தில் நின்றதைப் பார்த்த பிள்ளை, அந்தத் தொழிலாளர் வீடுகளை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மேலே வந்தவர்களின் கதைகளையே தேடித் தேடிச் சேர்த்தார். தோற்றவர்களிடம் கேட்கவில்லை.

ஆனால் அவரே தோற்ற இடங்கள் உண்டு, அவற்றை அவர் மறைக்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் இரண்டு வருடம் இருந்து ஒரு நாவல் எழுதினார். எழுத்தாளர் ஆவதுதான் சிறுவயதுக் கனவு. கையெழுத்துப் பிரதியைப் படித்த ஏஜென்ட், இது தேறாது, உங்களுக்கு நாவல் வராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். திரும்பி வந்து பழையபடி மாலை வகுப்பு. முதல் திருமணமும் நிலைக்கவில்லை, 1931-ல் விவாகரத்து. அடுத்த வருடம் லிங்கனைப் பற்றி ஒரு வாழ்க்கை வரலாறு வெளியிட்டார். லிங்கனின் இல்லற வேதனையை அதில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதைப் படிக்கும்போது, எழுதுகிறவர் சொந்த வீட்டை நினைக்காமல் எழுதியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும்.

லிங்கன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும், 1863 ஜூலையில், தோற்று ஓடிய எதிர்த்தரப்புத் தளபதி லீயின் படையைத் துரத்திப் பிடிக்கவில்லை என்று தன் தளபதி மீடுக்குக் கடுமையான கடிதம் ஒன்றை லிங்கன் எழுதினார். அனுப்பவில்லை. அவர் இறந்தபின் காகிதங்களுக்கு நடுவில் கிடைத்தது. கார்னகியின் புத்தகத்தில் இதைப் படித்த நாளிலிருந்து, மாணவர்களின் ரிப்போர்ட்டில் கோபமாக எதையும் அன்றே எழுதுவதை விட்டேன். மறுநாள் காலை எழுதுவேன். 20 வருடம் அப்படித்தான் செய்தேன்.

நெல்லைச்சீமை:

தோழர் தண்டவாளத்தின் தேதிகள் சரி. என் வகுப்பில் அந்த ராக்ஃபெல்லர் கதையை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

புத்தகம் எப்படி உருவானது என்று தெரிந்தால் அந்தக் குறை எங்கிருந்து வந்தது என்பதும் புரியும். 1934-ல் லார்ச்மாண்ட் என்ற ஊரில் நடந்த கார்னகி வகுப்பில் லியான் ஷிம்கின் சேர்ந்தார், சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்துக்காரர். இதைப் புத்தகமாக்குங்கள் என்றார். கார்னகி தயங்கினார். சரி, சுருக்கெழுத்தாளர் ஒருவரை வைத்து உங்கள் பேச்சைக் குறிப்பெடுப்போம் என்று வழிக்குக் கொண்டுவந்தார். ஆக அது மேடையில் சொன்ன கதைகள் காகிதத்துக்கு வந்தது. மேடைக் கதைக்கு ஒரு வேகம் உண்டு. கேட்பவர் முகம் மலர்ந்ததும் சொல்பவர் அடுத்த கதைக்குப் போய்விடுவார், தேதியைச் சரிபார்க்க மாட்டார். நான் செய்ததும் அதுதான்.

முதலில் அச்சிட்டது சுமார் 5,000 பிரதிகள். சில மாதங்களிலேயே 17 பதிப்பு. இன்று உலகம் முழுக்க 3 கோடிக்கு மேல். பொருளாதார மந்தம் இன்னும் விலகாத காலம் அது. வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்த லட்சக்கணக்கான குமாஸ்தாக்களுக்கு, மேலதிகாரி மனதை மாற்ற உன் கையிலும் ஒரு கருவி உண்டு என்று ஒருவர் சொன்னார். வாங்காமல் என்ன செய்வார்கள்? அதற்கு முன்னுரை எழுதியவர் லோவல் தாமஸ், முதல் உலகப் போரில் அரபுகளோடு சேர்ந்து போரிட்ட ஆங்கிலேய அதிகாரி 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வை உலகத்துக்குக் காட்டிய பத்திரிகையாளர். 1919-ல் லண்டனில் லாரன்ஸைப் பற்றி அவர் படம் காட்டி நடத்திய உரைகளுக்குப் பின்னணியில் வேலை பார்த்தவர் கார்னகி.

மேலூர்_வாசகன், உங்கள் கையில் இருப்பது அநேகமாக 1981-ல் திருத்திய பதிப்பு. முதல் பதிப்பில் இன்னும் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று காரியம் சாதிக்கும் கடிதங்கள் பற்றி, இன்னொன்று இல்லற வாழ்க்கை பற்றி. பின்னால் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இல்லறப் பகுதி இன்று படிக்கச் சகிக்காது. மனைவி நச்சரிக்கக் கூடாது என்றுதான் ஆரம்பிக்கிறது.

கயல்:

நெல்லைச்சீமை அண்ணா, "பேசப் பேசத்தான் பயம் விடும்" என்றீர்களே, அமெரிக்கப் பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட் நினைவு வந்தது. மேடைப் பயம் தாங்காமல் 20, 21 வயதில் கார்னகி வகுப்புக்கு 100 டாலர் செக் எழுதினாராம். பயந்துபோய் அந்தச் செக்கையே நிறுத்திவிட்டாராம். பிறகு ஒமாஹா திரும்பி, இந்தத் தடவை பின்வாங்கக் கூடாது என்று ரொக்கமாகவே கட்டிச் சேர்ந்தார். முடித்த கையோடு ஒமாஹா பல்கலைக்கழகத்தில் இரவு வகுப்பு எடுக்கப் போனார், கற்றது விட்டுப்போய்விடக் கூடாது என்று. அவர் ஆபீஸ் சுவரில் கல்லூரிப் பட்டம் இல்லை, கார்னகி வகுப்புச் சான்றிதழ்தான் மாட்டியிருக்கிறது.

என் அனுபவம் ஒன்று. வேலையில் சேர்ந்த புதிதில் ஆங்கிலத்தில் பேசத் திணறுவேன். டீம் மீட்டிங்கில் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு உதட்டை மட்டும் அசைத்துப் பழகுவேன். ஒருநாள் பாட்டிக்கு உடம்பு சரியில்லாததால் ரிலீஸுக்கு வர முடியாது என்று சொல்ல வேண்டி வந்தது. இலக்கணம் எல்லாம் மறந்து நேரடியாகப் பேசிவிட்டேன். யாரும் திருத்தவில்லை. மேனேஜர் "டேக் கேர்" என்றார். அன்றைக்குத்தான் தெரிந்தது, சொல்ல விஷயம் இருந்தால் மொழி பின்னாலேயே வந்துவிடுகிறது.

ஆனால் தண்டவாளம் ஐயா சொன்ன இடத்தில் எனக்கும் கோபம் இருக்கிறது. இந்தப் புத்தகத்தை ஆபீஸில் எப்போதும் மேலே இருப்பவர்தான் கீழே இருப்பவருக்குக் கொடுக்கிறார். சம்பள உயர்வு கேட்ட என் தோழிக்குக் கிடைத்தது இந்தப் புத்தகம்தான். உயர்வு கிடைக்கவில்லை.

தண்டவாளம்:

தங்கச்சி கயல் சொன்னது நூற்றுக்கு நூறு.

நான் அந்த மனிதரை வெறுக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நானும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருடைய அலமாரியில் ஒரு கோப்பு இருந்தது, 'நான் செய்த முட்டாள்தனங்கள்' என்று பெயர் போட்டு. தான் செய்த தப்புகளை அவ்வப்போது எழுதி அதில் போட்டுவைத்தார். அந்தரங்கமானவற்றை மட்டும் உதவியாளரிடம் சொல்லாமல் தன் கையாலேயே எழுதிப் போட்டார். இதையும் அவரே எழுதியிருக்கிறார். இதைப் படித்த பிறகு சங்க அலுவலகத்தில் நானும் ஒரு நோட்டு வைத்தேன். 1998-ல் ஒரு வாயிற்கூட்டத்தில் ஓர் இளம் அதிகாரியின் சாதியைக் குறிப்பிட்டுப் பேசிவிட்டேன். அதுதான் நோட்டில் முதல் பக்கம். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நான்கு வருடம் ஆயிற்று. அவர் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார்.

வகுப்பைப் பற்றி நெல்லைச்சீமை சொன்னதையும் ஏற்கிறேன். சங்கத்தில் நாங்கள் செய்ததும் அதுதானே. தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்க்கும் கேங்மேன் ஒருவரை முதல் தடவை வாயிற்கூட்டத்தில் ஏற்றிவிடும்போது சட்டப் பிரிவையா சொல்லிக்கொடுப்போம்? நேற்று ராத்திரி பாலத்தில் உங்களுக்கு என்ன நடந்ததோ அதைச் சொல்லுங்கள் என்போம். ஆறு நிமிடம் பேசுவார், கூட்டம் அசையாது.

மேலூர்_வாசகன்:

எல்லோருக்கும் நன்றி. 18 நாள் கழித்து வருகிறேன். சைக்கிள் மீட்டிங் முடிந்தது.

புத்தகத்தை முடித்துவிட்டேன். லட்லோ வரும் பக்கத்தின் ஓரத்தில் தண்டவாளம் ஐயா சொன்ன தேதிகளைப் பென்சிலில் எழுதிவைத்தேன், அடுத்து படிப்பவருக்காக.

பேச்சுக்கு 12 ஸ்லைடு தயார் செய்திருந்தேன். முதல் நாள் இரவு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பேசிப் பார்த்தேன், அவர் புறாக்களிடம் பேசினதை நினைத்துக்கொண்டு. மூன்றாவது ஸ்லைடிலேயே எனக்கே அலுத்துவிட்டது. படுத்தும் தூக்கம் வரவில்லை. எனக்கு எதில் கோபம் என்று என்னையே கேட்டேன். உடனே பதில் வந்தது.

மறுநாள் மேடையில் ஸ்லைடைப் போடவில்லை. கை நடுங்கியது, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இரவு 11 மணி வரை டாக்டர் வாசலில் நின்று கடைசி ஆளாக உள்ளே போகிற பையனிடம், மறுநாள் காலை 7 மணிக்கு நேற்றைய ரிப்போர்ட் ஏன் வரவில்லை என்று போன் போடுகிறோம், பல வருடம் அந்தப் போனை எடுத்தவன் நான், இனி என் ஏரியாவில் 9 மணிக்கு முன்னால் அந்தப் போன் போகாது என்று சொன்னேன். அவ்வளவுதான். நான்கு நிமிடம் கூட இருக்காது. முன்வரிசையில் மேலதிகாரி ஒருவர் முகம் சுருங்கியது. பின்வரிசையில் யாரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்ட சத்தம் கேட்டது.

டீ இடைவேளையில் என் டீமில் புதிதாகச் சேர்ந்த திண்டுக்கல் பையன் பக்கத்தில் வந்து நின்றான். எதுவும் பேசவில்லை. சமோசாத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அடுத்த மாதம் டீம் மீட்டிங்கில் 7 பேருக்கும் ஆளுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன், ஸ்லைடு இல்லாமல். மேலதிகாரி அதற்கு இன்னும் சம்மதம் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஒரே ஒரு உதவி. 1981-க்கு முந்தைய பதிப்பு யாரிடமாவது இருக்கிறதா? அவர் உயிரோடு இருந்தபோது வந்ததை அப்படியே படித்துப் பார்க்க ஆசை.

காகிதக்கப்பல்:

என்னிடம் இருக்கிறது தம்பி, திருச்சியில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அட்டை போய்விட்டது, முதுகில் பசை விட்டு நூல் தெரிகிறது. ஆனால் பக்கம் எதுவும் குறையவில்லை. முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள். படித்ததும் திண்டுக்கல் பையனிடம் கொடுங்கள், பென்சில் குறிப்போடு.